‘மலிங்கரிங்’: தோட்டத்துக்கு வந்த ஒரு இங்கிலீஷ் சொல்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும், அவர்களை வேலை வாங்குகிறவர்களுக்கும், எங்களைப் போல அவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

போன தவணையில் ஒருநாள், பாடசாலை விட்டுப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, ஒரு அக்கா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார். கொழுந்து எடுக்கிறவர். அவருடைய மகள் எங்களிடம்தான் படிக்கிறாள். மடித்து மடித்து நைந்துபோன ஒரு கடிதத்தை நீட்டினார். “சேர், இதுல என்னா எழுதிருக்குன்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்க. ஒபிஸ்ல குடுத்தாங்க.”

தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. வங்கிக் கடிதம், ஈ.பி.எஃப். கடிதம், கிளினிக் கொப்பி, கடன் கம்பெனிக்காரன் கையெழுத்து வாங்கிய தாள் என்று எல்லாம் எங்களிடம் வரும். வாசித்துச் சொல்வோம். சில நேரம் பதிலும் எழுதிக் கொடுப்போம்.

இது எச்சரிக்கைக் கடிதம். இந்த மாதத்தில் ஒன்பது நாள் வேலைக்கு வரவில்லை, நோய் என்று சொன்னதற்கு ஆதாரம் காட்டவில்லை, மீண்டும் இப்படி நடந்தால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. நடுவில் ஒரு வரி: ‘மலிங்கரிங்’ என்று சந்தேகிக்கப்படுகிறது.

அந்தச் சொல்லில் மூன்று பேரும் நின்றுவிட்டோம். ஒருவர், “மலேரியா மாதிரி ஏதோ வருத்தத்தைச் சொல்கிறார்கள் போல” என்றார். இன்னொருவர் போனை எடுத்துத் தேடினார். பொருள் வந்தது: வேலையிலிருந்து தப்புவதற்காக நோய் இருப்பது போலப் பாசாங்கு செய்வது.

அக்கா எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? “லீவு எடுத்ததற்குக் காரணம் கேட்டிருக்கிறார்கள் அக்கா, பதில் எழுதினால் சரி” என்று சொல்லி அனுப்பினோம். பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அந்த ஒரு சொல்லை அவர் முகத்துக்கு நேரே தமிழில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு சில நாள் அந்தச் சொல் எங்கள் மண்டையிலேயே இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடினோம். வாசித்ததை உங்களோடும் பகிர வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் இது வெறும் இங்கிலீஷ் பாடம் இல்லை.

முதலில் ஸ்டாஃப் ரூமில் நடந்த பிழையைச் சொல்லிவிடுகிறோம். மலேரியா என்று நினைத்த நண்பர் முழுக்கப் பிழை விடவில்லை. ‘மலேரியா’ என்றால் இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’. அதில் உள்ள ‘மல்’ என்றால் கெட்ட. அந்தக் கெட்ட காற்று என்ன செய்யும் என்று கேகாலைப் பக்கத்தில் பெரியவர்களிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். 1934-35 இல் வந்த மலேரியாவில் ஆகக் கூடுதலாக அடிபட்ட மாவட்டங்களில் எங்கள் கேகாலையும் ஒன்று. அதே ‘மல்’ இந்தச் சொல்லின் தலையிலும் இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் ‘மலேங்ர்’ என்று ஒரு சொல் உண்டு. நோஞ்சான், சீக்காளி, உடம்புக்கு முடியாதவன் என்று பொருள். ‘மல்’ என்பதோடு, மெலிந்தவன் என்று பொருள்படும் ஒரு பழைய சொல் சேர்ந்து வந்தது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள்.

இங்கேதான் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரெஞ்சில் உண்மையாகவே நோயாளியாக இருந்தவன், கடலைத் தாண்டி இங்கிலீஷுக்குள் வந்ததும் நோயாளி மாதிரி நடிக்கிறவன் ஆகிவிட்டான். சொல் அதேதான். ஆள் அதே மெலிந்த ஆள்தான். பார்க்கிறவன் மாறிவிட்டான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். பிரான்சிலேயே இதற்கு ஒரு தொடக்கம் இருந்தது. பழைய பாரிஸ் தெருக்களில் உடம்பில் பொய்ப் புண் போட்டுக்கொண்டு பிச்சை கேட்டவர்களை ‘மலேங்ரோ’ என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறவன் என்ற பொருளை இந்தச் சொல்லுக்குக் கொடுத்தது இங்கிலாந்தின் இராணுவம்.

1785 இல் பிரான்சிஸ் குரோஸ் என்பவர் இங்கிலாந்தின் தெருப் பேச்சுக்கென்று ஒரு அகராதி போட்டார். கண்ணியமான அகராதிகள் சேர்க்காத சொற்களை எல்லாம் சேர்த்தவர். அதில் இந்தச் சொல்லை இராணுவச் சொல் என்று போட்டு, சுகமில்லை என்று சொல்லிக் கடமையிலிருந்து நழுவுகிறவன் என்று பொருள் எழுதியிருக்கிறார். இந்த குரோஸ் யார் என்று பார்த்தால், ஊர்ப் படையில் அதிகாரியாக இருந்தவர். சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கும் வேலையும் பார்த்தவர். அதாவது பேர் போடுகிற ஆள்! எங்கள் பாஷையில் சொன்னால் கணக்கப்பிள்ளை. ஒரு சொல்லின் பொருளை யார் எழுதுகிறார் என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

அதற்குப் பிறகு இந்தச் சொல் இராணுவ முகாமிலிருந்து வைத்தியர்களிடம் போனது. பொய் நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று புத்தகங்கள் எழுதத் தொடங்கினார்கள். 1843 இல் ஹெக்டர் கவின் என்ற வைத்தியர் முழுக்க முழுக்க இதற்கென்றே ஒரு நூல் போட்டார். பிறகு தொழிலாளிக்கு விபத்து நட்டஈடு கொடுக்கும் சட்டம் 1906 இல் பிரிட்டனில் விரிவானது. 1911 இல் தேசிய காப்புறுதிச் சட்டம் வந்தது. தொழிலாளி வருத்தமாய்ப் படுத்தால் இனி யாரோ காசு கொடுக்க வேண்டும். 1913 இல் சேர் ஜோன் கொலி என்பவரின் தடித்த புத்தகம் வருகிறது, பெயரே ‘மலிங்கரிங்’கும் பொய் நோயும் பற்றி. நோயாளிக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்த கையோடு நோயாளியைச் சந்தேகிக்கும் புத்தகமும் வருகிறது பாருங்கள்.

அடுத்த வருடம் முதலாம் உலக யுத்தம். குண்டுச் சத்தத்தில் கை நடுங்கி, பேச்சு நின்று, நடக்க முடியாமல் வந்த சிப்பாய்களைப் பார்த்துப் பல அதிகாரிகள் சொன்னதும் இதே சொல்லைத்தான். ஓடினவன், கோழை என்று தங்கள் சொந்தச் சிப்பாய்களையே சுட்டார்கள். அவர்களில் சிலர் அதற்கு முன்பே அந்த நடுக்கத்துக்கு வைத்தியசாலையில் படுத்திருந்தவர்கள். அப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் மன்னிப்புக் கொடுத்தது 2006 இல். தொண்ணூறு வருடம் கழித்து.

அமெரிக்கக் கதை இதைவிட மோசம். 1851 இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற வைத்தியர், பருத்தித் தோட்டத்து அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு நோய் என்று எழுதினார். அதற்கு ஒரு கிரேக்கப் பெயரும் வைத்தார். அடிமைகள் மந்தமாக வேலை செய்வதும் இன்னொரு நோயாம். அதே தோட்டங்களில் ஒரு அடிமை வயிற்றுவலி என்று படுத்தால் அது நடிப்பு. நோய் இருந்தால் நடிப்பு, சுதந்திரம் வேண்டும் என்றால் நோய். இப்படியும் ஒரு காலம் இருந்தது.

சரி, நம் தோட்டத்துக்கு வருவோம்.

1865 ஆம் ஆண்டு 11 ஆம் இலக்கத் தொழில் சட்டத்தின்படி, தகுந்த காரணம் இல்லாமல் வேலைக்கு வராத தொழிலாளிக்குச் சிறைத் தண்டனை வரை கொடுக்கலாம். தகுந்த காரணம் எது என்று பெரட்டுக் களத்தில் தீர்மானித்தது யார்? விடிய முதல் தப்பு அடிக்கும். லயத்திலிருந்து எல்லோரும் பெரட்டுக்கு வர வேண்டும். வராதவன் வீட்டுக் கதவைக் கங்காணி தட்டுவார். ஒரு ஆள் வேலைக்கு இறங்கினால் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் படுத்துவிட்டால் அந்தக் காசு இல்லை. அப்படிப்பட்டவரிடம் போய், “காய்ச்சல் கங்காணி, முடியல” என்று சொன்னால் என்ன பதில் வரும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. எங்கள் மாணவர்களின் பாட்டன் பூட்டன் கதைகளில் அந்தப் பதில் இன்னும் இருக்கிறது.

1912 இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்காக இரண்டு சட்டங்கள் வந்தன. நல்ல விஷயங்கள் இருந்தன. லயத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும் என்றெல்லாம் தோட்ட நிர்வாகத்தின் மேல் கடமை போட்டது. ஆனால் தோட்டத்தில் யாருக்கு என்ன நோய் என்று அறிந்து நடவடிக்கை எடுக்க வேண்டிய பொறுப்பும் துரையிடம்தான் கொடுக்கப்பட்டது. கொழுந்து எடுக்க ஆள் தேவை என்று காலையில் கணக்குப் போடுகிற அதே துரைக்கு, யார் நோயாளி என்று பார்க்கிற பொறுப்பும். அவர் நல்லவராக இருந்தாலும் அந்த நாற்காலி நல்ல நாற்காலி இல்லை.

அப்போது தோட்டத்து ஆட்களைப் பற்றித் துரைமாருக்கு இருந்த பெரிய குறை, சோம்பல். காலையில் எழும்பமாட்டார்கள், மலை ஏறினால் மூச்சு வாங்குவார்கள், கொஞ்சம் வேலை செய்தால் உட்கார்ந்துவிடுவார்கள். 1916 இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தின் ஆட்கள் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். மலத்தைப் பரிசோதித்தால் தோட்டத்து ஆட்களில் பெரும்பாலானவர்களின் குடலில் புழு இருந்தது.

கொழுக்கிப்புழு பற்றிச் சுகாதாரப் பாடத்தில் நாங்கள் படிப்பிக்கிறோம். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் அதன் குஞ்சு இருக்கும். சப்ரகமுவ மண்ணை நினைத்துப் பாருங்கள்: றப்பர் மரத்து நிழல், வருடம் முழுக்க மழை. வெறுங்காலோடு நடக்கிறவரின் காலில் துளைத்து உள்ளே போகும். காலில் அரிப்பு வரும், சேற்றுப்புண் என்று விட்டுவிடுவோம். பிறகு அது நுரையீரல் வழியாகச் சுற்றிக் குடலுக்கு வந்து, சுவரைக் கடித்துப் பிடித்துக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஆளுக்கு வலி பெரிதாக இருக்காது. காய்ச்சலும் இருக்காது. களைப்பு மட்டும் இருக்கும். முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, கை கால் ஓய்ந்து போகும். பார்க்கிறவனுக்கு அது அச்சு அசல் சோம்பல்தான். அமெரிக்காவிலும் இதேதான் நடந்தது. 1902 இல் சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் என்பவர் அங்கே தெற்குப் பக்கத்து ஏழை மக்களிடம் இந்தப் புழுவைப் பற்றிச் சொன்னபோது, பத்திரிகைகள் ‘சோம்பேறித்தனத்தின் கிருமி’ என்று கேலியாகத் தலைப்புப் போட்டன.

மருந்து கொடுத்தால் புழு வெளியே வரும். ஆனால் மலசலகூடம் இல்லாத லயத்தில், செருப்பு இல்லாத காலில், அடுத்த மழைக்கு அது திரும்பவும் ஏறும். மலசலகூடம் கட்டக் காசு செலவாகும். ஒருவரைச் சோம்பேறி என்று சொல்ல ஒரு சதமும் செலவாகாது.

இப்போது அந்தக் காலம் இல்லை என்று சிலர் கொமெண்டில் எழுதுவீர்கள். உண்மை. பெரும்பாலானவர்கள் செருப்புப் போடுகிறார்கள், பாடசாலையில் பூச்சி மருந்து கொடுக்கிறோம், தோட்டத்தில் டிஸ்பென்சரி இருக்கிறது, அரசாங்க வைத்தியசாலைக்கு பஸ் இருக்கிறது. கம்பெனிக்காரரின் நியாயத்தையும் நாங்கள் கேட்காமல் இல்லை. கொழுந்து ஒரு சுற்றுத் தவறினால் முற்றிவிடும், ஆள் பற்றாக்குறை, மேலே இருந்து அவருக்கும் கணக்குக் கேட்கிறார்கள். அதோடு, நடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்தான். திங்கட்கிழமை காலையில் எங்கள் வகுப்புகளில் வருகிற வயிற்றுவலியின் எண்ணிக்கையை டொக்டர்மார் பார்த்தால் மயங்கி விழுவார்கள்! கணிதப் பரீட்சை அன்று தலைவலி. சிரமதானம் அன்று கால் வலி. எங்களையே எடுங்கள். கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்தில் கக்கத்தில் வெங்காயம் வைத்தால் காய்ச்சல் வரும் என்று நம்பி, இரவு முழுக்க வைத்துப் படுத்து, காலையில் காய்ச்சலும் இல்லாமல் நாற்றத்தோடு விரிவுரைக்குப் போன ஒருவர் இந்தப் பதிவை எழுதுகிறவர்களில் இருக்கிறார். பெயர் சொல்லமாட்டோம்.

ஆகவே யாரும் நடிப்பதே இல்லை என்று நாங்கள் வாதாட வரவில்லை. எங்கள் கேள்வி வேறு. ஒருவர் “எனக்கு முடியவில்லை” என்று சொல்லும்போது, பரிசோதிக்க முதலே “நடிக்கிறாய்” என்று சொல்கிற உரிமையை நமக்கு யார் கொடுத்தது? ‘நோயா இல்லையா என்று தெரியவில்லை’ என்பது ஒரு வசனம். ‘நீ நடிக்கிறாய்’ என்பது தீர்ப்பு. அந்தக் கடிதத்தில் ‘சந்தேகிக்கப்படுகிறது’ என்று போட்டிருந்தார்கள். சந்தேகப்பட்டால் டொக்டரிடம் அனுப்பியிருக்கலாமே, கடிதம் எதற்கு?

நோன்பு காலத்தை யோசித்துப் பார்த்தோம். நோயாளி நோன்பை விட்டு, பிறகு பிடிக்கலாம் என்பது மார்க்கம் கொடுத்த சலுகை. அதற்கு யாரும் பள்ளிவாசலில் மெடிக்கல் கேட்பதில்லை. அவருடைய வார்த்தையே போதும். அப்படியான சலுகையைச் சின்ன வயதிலிருந்து அனுபவிக்கிற நாங்களே, பாடசாலைக்குள் போனதும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் “உண்மையைச் சொல், வலிக்குதா இல்லையா?” என்று மிரட்டுகிறோம்.

இதை எழுதுவதற்கு உண்மையான காரணத்துக்கு இப்போதுதான் வருகிறோம். அந்தக் கடிதத்தைப் பார்த்து எங்களுக்கு வாய் அடைத்ததற்கும் இதுதான் காரணம்.

இரண்டு வருடத்துக்கு முன் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அணிநடைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கெண்டைக்கால் வலிக்கிறது, நிற்க முடியவில்லை என்றான். அதற்கு முதல் நாள்தான் பயிற்சிக்கு வராமல் ஒளிந்து எங்களிடம் ஏச்சு வாங்கியிருந்தான். “மார்ச் பாஸ்டுக்குப் பயந்து நடிக்கிறான்” என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் சிரித்தோம். வெயிலில் நிற்க வைத்தோம். அவனுடைய கண் சிவந்திருந்தது. அழுதிருப்பான் என்று நினைத்தோம். அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாள் பெரிய ஆஸ்பத்திரியில் அனுமதித்திருக்கிறார்கள், சிறுநீர் போகவில்லை என்று செய்தி வந்தது. எலிக்காய்ச்சல்.

இரத்தினபுரியும் கேகாலையும் எலிக்காய்ச்சல் அதிகமான மாவட்டங்கள் என்பதை இங்கே இருக்கிற எவருக்கும் சொல்லத் தேவையில்லை. வயல், ஓடை, மாணிக்கக் குழி, வெள்ளம் வடிந்த சேறு, எல்லாவற்றிலும் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். காலில் சின்னக் கீறல் போதும். அந்தப் பையன் மழைக்குப் பிறகு ஓடையில் மீன் பிடிக்கப் போயிருந்தான். காய்ச்சல், தலையிடி, உடம்பு வலி, முக்கியமாகக் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. முதல் இரண்டு மூன்று நாளில் மருந்து எடுத்தால் சுகமாகும். பிந்தினால் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் பிடிக்கும். கெண்டைக்கால் வலி என்று அவன் எங்களிடம் தெளிவாகச் சொன்னான். சுகாதாரப் பாடம் படிப்பிக்கிற ஆட்களிடம் சொன்னான்.

அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தான். இப்போது சாதாரண தரம் எழுதப் போகிறான். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவனுடைய அம்மா எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. “சேர்மாரு வந்திருக்காங்க, எந்திரிடா” என்றார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். எங்களுக்கு வரவில்லை, எங்கள் பையனுக்கு வந்துதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் பாடசாலையில் ஒரு சின்ன ஒழுங்கு வைத்தோம். வலி என்று சொல்கிற பிள்ளை முதலில் உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், வீட்டுக்கு அறிவிக்க வேண்டும். நடிப்பா இல்லையா என்ற விசாரணை கிடையாது. காய்ச்சல் இருந்தால் அன்றே டிஸ்பென்சரிக்கு. நாலைந்து பேர் இதைப் பயன்படுத்திக் கணிதப் பாடத்திலிருந்து தப்பித்துக்கொள்கிறார்கள், எங்களுக்குத் தெரியும். தப்பட்டும். அந்தப் பாடத்தைப் பிறகு படிப்பிக்கலாம்.

தோட்டத்திலும் இப்படி ஒன்றைச் செய்ய முடியாதா என்பதுதான் எங்கள் கேள்வி. வேலைக்கு வராதவரின் நோயை, பேர் போடுகிறவர் தீர்மானிக்கக் கூடாது. அதை டிஸ்பென்சரியில் பார்க்கட்டும், இல்லாவிட்டால் அரசாங்க வைத்தியசாலையில் பார்க்கட்டும். மெடிக்கல் கேட்கிறார்கள் என்றால், மெடிக்கல் எடுக்கப் போகிற நாளுக்கும் பேர் இல்லை, பஸ் காசும் கையிலிருந்து போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்மார் சம்பளப் பேச்சுவார்த்தையில் இதையும் ஒரு விஷயமாக வையுங்கள். கடிதம் கொடுப்பதென்றால் தமிழில் கொடுங்கள். குற்றம் சாட்டப்படுகிற ஆளுக்குத் தன் மேல் உள்ள குற்றம் என்னவென்று விளங்க வேண்டுமா இல்லையா?

வயலில், சேற்றில், குழியில் இறங்குகிறவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எலிக்காய்ச்சல் முன்தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். இலவசம். ஆள் விழுந்துவிட்டால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதுவும் இலவசம். லயத்துக்குப் பாதை இல்லை என்றால் பாதை வரைக்கும் தூக்கி வர நாலு பொடியன்கள் இருப்பார்கள்.

அந்த அக்காவின் கதையை முடிக்கவில்லை. (அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். பெயரும் தோட்டமும் எழுதமாட்டோம் என்று சொல்லியிருக்கிறோம், கொமெண்டிலும் யாரும் கேட்க வேண்டாம்.)

எங்களில் ஒரு டீச்சர் அவரைக் கூட்டிக்கொண்டு அரசாங்க வைத்தியசாலைக்குப் போனார். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இருக்க வேண்டிய அளவில் பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட. எப்படி மலை ஏறினீர்கள் என்று டொக்டர் கேட்டிருக்கிறார். “ஏறினா ஏறிருவேன், எறங்கத்தான் முடியல” என்று இவர் சொல்லியிருக்கிறார். இரும்புச் சத்து மாத்திரையும் இரண்டு கிழமை ஓய்வும் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தத் தாளை இணைத்து, தமிழில் ஒன்றும் இங்கிலீஷில் ஒன்றுமாகப் பதில் கடிதம் எழுதினோம். வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கும்போது அக்கா கேட்டார்:

“சேர், அன்னைக்கு நீங்க மூணு பேரும் ஒரு எடத்துல நின்னுட்டீங்களே. அது என்னா வார்த்தை?”

இந்த முறை மறைக்கவில்லை. சொன்னோம். வேலைக்கு வராமல் இருக்க வருத்தம் மாதிரி நடிக்கிறது அக்கா, அதற்கு இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்கள்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

“இவ்வளவுதானா? வேலைக் கள்ளின்னு மலையில தெனமும் தமிழ்லயே சொல்றாங்களே சேர். இதுக்குப் போயி கடுதாசி போட்டுருக்காங்க.”

பேனையை வாங்கி, மகள் சொல்லிக் கொடுத்த மாதிரி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.